விடை கூகுளிலேயே இருக்கு... அப்புறம் ஏன் இத்தனை பேர் ஆன்லைன் குவிஸ் ஆடுறாங்க?

இரவு 9 மணி. டெலிகிராம் குரூப்பில் ஒரு கேள்வி வந்து விழுகிறது: 'தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி எது?' கீழே நான்கு விடைகள். ஓரத்தில் கடிகாரம் 15, 14, 13 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. 'தமிழ் மறவன்' என்று தட்டியவரின் திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கின்றன. வேறு எதையோ தட்டியவரின் போன் 'உர்ர்' என்று அதிர்கிறது. அவர் உச்சுக் கொட்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

20 கேள்விகள் முடிந்ததும் பட்டியல் வருகிறது. யார் முதலிடம், யார் எத்தனை நொடியில் முடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான குரூப்களில் பரிசு என்று ஒன்றும் கிடையாது. அதே போனில் கூகுளைத் திறந்தால் ஐந்து நொடியில் விடை கிடைத்துவிடும் என்பதும் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் இரவு 9 மணிக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது, காப்பி அடிப்பதை எப்படிச் சமாளிக்கிறார்கள், இதில் ஏமாறும் இடங்கள் எவை என்று பார்ப்போம்.

எங்கே, எப்படி நடக்கிறது?

டெலிகிராமில் 2020 ஜனவரியில்தான் 'குவிஸ்' வசதி வந்தது. அதற்கு முன்பு கருத்துக்கணிப்பு மட்டும் நடத்த முடியும், 'இதுதான் சரி' என்று குறிக்க முடியாது. அதே ஆண்டு ஏப்ரலில் கடிகாரமும், விடைக்குக் கீழே விளக்கம் எழுதும் பெட்டியும் சேர்ந்தன. 'குவிஸ்பாட்' என்ற தானியங்கி கேள்விகளை வரிசையாகப் போட்டு, மதிப்பெண் கூட்டி, தரவரிசையும் கொடுத்துவிடும். டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு, ரயில்வே தேர்வு என்று படிப்பவர்களின் குரூப்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அட்மின் ஒருமுறை கேள்விகளை ஏற்றிவிட்டால் போதும், மீதியைப் பாட் பார்த்துக்கொள்ளும்.

வாட்ஸ்ஆப் குரூப்களில் பெரும்பாலும் கைவேலைதான். காலையில் அட்மின் கேள்வி போடுவார், மாலையில் விடை சொல்வார். நடுவில் 'நான் முதல்லயே சொன்னேனே' என்ற சண்டையும் உண்டு.

பள்ளி, கல்லூரி வகுப்புகளில் நார்வே நாட்டில் 2013-ல் தொடங்கப்பட்ட 'கஹூட்' அதிகம் புழங்குகிறது. ஆசிரியர் திரையில் கேள்வியைக் காட்டுவார், மாணவர்கள் தங்கள் போனில் நிறத்தைத் தட்டுவார்கள்.

இன்னொரு உலகமும் இருக்கிறது. குவிஸையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களின் உலகம். இந்தியாவில் 1967-ல் கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய பொதுக் குவிஸில் இருந்து இதன் கதை தொடங்குகிறது. பெங்களூருவில் 1983-ல் கர்நாடகா குவிஸ் அசோசியேஷன் உருவானது. சென்னையில் ஆகஸ்ட் 15 அன்று லேண்ட்மார்க் புத்தகக் கடை நடத்திய குவிஸுக்கு அரங்கம் நிறையக் கூட்டம் வந்த காலம் உண்டு. 2020 ஊரடங்கில் அரங்கங்கள் மூடப்பட்டதும் இவர்கள் ஜூமுக்கும் டிஸ்கார்டுக்கும் மாறினார்கள்.

இவர்களின் ஆட்டத்தில் நான்கு விடைகள் கொடுக்கும் பழக்கமே கிடையாது. கேள்வி ஒரு அணியிடம் தொடங்கும். தெரியாவிட்டால் அடுத்த அணி, அவர்களுக்கும் தெரியாவிட்டால் அதற்கடுத்த அணி என்று உருண்டுகொண்டே போகும். இதற்கு 'பவுன்ஸ்' என்று பெயர். தன் முறை வரும்வரை காத்திருக்க மனமில்லாத அணி, விடையை ரகசியமாக எழுதிக் கொடுத்துவிடலாம். இது 'பவுன்ஸ்' (bounce) அல்ல, 'பவுன்ஸ்' (pounce). சரியாக இருந்தால் மதிப்பெண், தப்பாக இருந்தால் வெட்டு. அரங்கத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை இப்போது குவிஸ்மாஸ்டருக்குத் தனி மெசேஜாக அனுப்புகிறார்கள்.

ஊரடங்கில் ஒரு தப்பு செய்த வேலை

பிரிட்டனில் டார்வென் என்ற சிற்றூர். அங்கே ஒரு மதுக்கூடத்தில் குவிஸ் நடத்தி வந்தவர் ஜே ஃபிளின். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், வழக்கமாக வருகிறவர்களுக்காக ஆன்லைனில் நடத்தலாம் என்று ஃபேஸ்புக்கில் ஒரு அழைப்பு போட்டார். நண்பர்களுக்கு மட்டும் போக வேண்டிய அது, தவறுதலாக எல்லோருக்கும் போய்விட்டது. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் 'நானும் வர்றேன்' என்று பதிவு செய்துவிட்டார்கள்.

மனிதர் பின்வாங்கவில்லை, யூடியூபில் நேரலையாக நடத்தினார். 2020 ஏப்ரல் 30 அன்று நடிகர் ஸ்டீபன் ஃப்ரை கேள்வி கேட்ட நிகழ்ச்சிக்கு 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் வந்தது கின்னஸ் சாதனையானது. குவிஸ் வழியாகத் தொண்டு அமைப்புகளுக்கு 10 லட்சம் பவுண்டுக்கும் மேல் நிதி சேர்ந்தது. ஒரு காலத்தில் லண்டனில் வீடில்லாமல் பெஞ்சில் படுத்துக் கிடந்த ஃபிளினுக்கு அந்த ஆண்டே பிரிட்டன் அரசின் எம்பிஇ விருதும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவரவர் வீட்டில், அவரவர் தாளில் விடை எழுதி, அவரவரே திருத்திக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் 50-க்கு 50 போட்டுக்கொள்ளலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

பணம் கொட்டிய குவிஸ் ஏன் நின்றது?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவில் 2017-ல் வந்த 'ஹெச்கியூ டிரிவியா' ஆப். குட்டி வீடியோ ஆப்பான 'வைன்' நிறுவனர்களில் இருவரான ரஸ் யூசுபோவும் காலின் க்ரோலும் தொடங்கியது. குறித்த நேரத்தில் நேரலை, 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 10 நொடி. ஒன்று தப்பினாலும் வெளியே. கடைசிவரை நின்றவர்கள் பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 2018 மார்ச்சில் ஒரே ஆட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். ஆபீஸில் வேலையை நிறுத்திவிட்டு மொத்தப் பேரும் போனைச் சுற்றி நின்ற காட்சிகள் அன்று செய்தியாகின.

கூட்டம் கூடக்கூட ஒரு சிக்கல் முளைத்தது. ஜெயிப்பவர்களும் அதிகமானார்கள், ஆளுக்குக் கிடைப்பது சில டாலர், சில நேரம் சில சென்ட் என்று சுருங்கியது. 'இதுக்கா இவ்ளோ நேரம்?' என்று ஆட்கள் கழன்றுகொண்டார்கள். 2018 டிசம்பரில் க்ரோல் இறந்தார். 2019-ல் தொகுப்பாளர் ஸ்காட் ரோகோவ்ஸ்கியும் விலகினார். 2020 பிப்ரவரி 14 அன்று கடை மூடப்பட்டது. பிறகு மீண்டும் திறந்தார்கள், ஆனால் பழைய கூட்டம் திரும்பவில்லை.

இந்தியாவிலும் 2018-ல் 'லோக்கோ', 'பிரெயின்பாஸி' என்று இதே பாணி ஆப்கள் வந்து சூடு கிளப்பின. லோக்கோ பின்னர் குவிஸை விட்டுவிட்டு வீடியோ கேம் நேரலைத் தளமாக மாறிவிட்டது.

பரிசே இல்லாமல் 1997-ல் இருந்து ஓடும் ஆட்டம்

'லேர்ன்டு லீக்' பற்றி இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஒரு நண்பர் வட்டத்துக்குள் தொடங்கிய ஆன்லைன் குவிஸ் லீக் இது. ஏற்கெனவே ஆடுகிற ஒருவர் அழைத்தால்தான் உள்ளே வர முடியும். ரொக்கப் பரிசு கிடையாது, ஆடுகிறவர்தான் ஆண்டுக்கட்டணம் கட்ட வேண்டும்!

ஒரு சீசனுக்கு 25 ஆட்ட நாட்கள். நாளொன்றுக்கு 6 கேள்விகள், ஒரே ஒரு எதிராளி. இதில் ருசியான பகுதி, எதிராளியின் கேள்விகளுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது. 0, 1, 1, 2, 2, 3 என்ற ஆறு எண்களை ஆறு கேள்விகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எதிராளி ஒரு சினிமாப் பைத்தியம் என்று அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், சினிமாக் கேள்விக்கு 0 போடலாம். வேதியியலில் அவர் தடுமாறுவார் என்றால் அதற்கு 3. ஆக, கேள்விக்கு விடை தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே இருக்கிற மனிதரையும் தெரிந்திருக்க வேண்டும். முகம் பார்க்காத இருவர் ஒருவரை ஒருவர் படித்துக்கொள்கிறார்கள்.

சரி, காப்பி? பதில் சொல்ல அன்று முழுக்க நேரம் இருக்கிறது. கடிகாரம் இல்லை, கேமரா இல்லை. 'எங்கேயும் தேடிப் பார்க்க மாட்டேன்' என்ற வாக்குறுதி மட்டும்தான். லீக்கை நடத்துபவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'தோர்ஸ்டன் ஏ. இன்டெக்ரிட்டி'. கடைசிச் சொல்லுக்கு நேர்மை என்று பொருள். குறும்பாக வைத்த பெயர்தான், ஆனால் மொத்த ஆட்டமும் அதன் மேல்தான் நிற்கிறது.

கூகுள் பார்த்தால் யாருக்கு நஷ்டம்?

குரூப் குவிஸில் அடிக்கடி வரும் புகார் இது: 'அவன் கூகுள் பண்ணித்தான் போடுறான்.'

இதைத் தடுக்க நடத்துபவர்களிடம் சில வழிகள் உண்டு. நேரத்தை 10, 15 நொடியாகக் குறைப்பது ஒன்று. இதில் வேகமாகப் படிக்க முடியாதவர்களும், மெதுவான நெட் வைத்திருப்பவர்களும் சேர்ந்தே அடிபடுகிறார்கள். கிராமத்தில் சிக்னலுக்காக மாடிக்கு ஏறி நிற்பவருக்கும், வீட்டில் வைஃபை வைத்திருப்பவருக்கும் அதே 10 நொடி என்பது நியாயமில்லை.

இன்னொரு வழி, கேள்வியையே தேடலுக்குச் சிக்காமல் அமைப்பது. ஒரு உதாரணம். 'கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழியில் இருந்து வந்தது?' என்று கேட்டால் தேடுபொறி அரை நொடியில் சொல்லிவிடும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடிப்பாகங்கள் கொண்ட சொகுசுப் படகை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல், நம் மீனவர்களின் பேச்சில் இருந்து போனது. ஆனால் இங்கே அது அப்படிப்பட்ட படகே அல்ல, கயிறால் சேர்த்துப் பிணைத்த கட்டைகள். என்ன அது?' கட்டைகள், கயிறு, பிணைத்தது... கட்டு, மரம்... 'அட, கட்டுமரம்!' இந்த 'அட'வுக்காகத்தான் குவிஸ் ரசிகர்கள் உயிரை விடுகிறார்கள். விடை முன்பே தெரியாதவரும் யோசித்துப் பிடிக்கலாம் என்பது இதில் உள்ள நியாயம்.

ஏஐ செயலிகள் வந்த பிறகு இந்த வித்தைகூட முழுப் பாதுகாப்பு இல்லை. கேள்வியை அப்படியே ஒட்டினால் அவை விடை சொல்லிவிடும். அதனால்தான் சுற்றிச் சுற்றி நம்பிக்கையிலேயே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தேடுகிறவருக்கும் ஒரு நஷ்டம் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் தேடிப் பார்த்தவர்கள், தேடாத வேறு விஷயங்களிலும் தங்களுக்கு அதிகம் தெரியும் என்று மதிப்பிட்டுக்கொண்டது தெரிந்தது. போனில் இருக்கிற அறிவு தன் மண்டையில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. தேர்வு அறைக்குள் போனை எடுத்துப்போக முடியாது என்பது அப்போதுதான் உறைக்கும்.

உண்மையிலேயே மண்டையில் ஏறுமா?

ஏறும், ஆடுகிற விதத்தைப் பொறுத்து.

2006-ல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவில் இருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னணியில் இருந்தார்கள், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம்.

ஆனால் அவர்கள் செய்தது நினைவில் இருந்து எழுதுவது. நான்கு விடையில் ஒன்றைத் தட்டுவது அதைவிடச் சுலபமான வேலை, பலனும் அந்த அளவுக்குத்தான். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் கேள்வியை மட்டும் படித்து, மனதில் ஒரு விடை சொல்லிவிட்டுப் பிறகு தட்டினால் கூடுதல் பயன் உண்டு.

அதே ரோடிகர், எலிசபெத் மார்ஷுடன் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சொல்வது கொஞ்சம் கலவரமான செய்தி. நான்கு விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தவர்களில் சிலர், பின்னால் நடந்த தேர்விலும் அதே தவறான விடையை உண்மை என்று நம்பி எழுதினார்கள். குவிஸ் சரியானதை மட்டும் அல்ல, தப்பையும் சேர்த்தே பதிய வைக்கும். சரியான விடையைக் கையோடு சொல்லிவிட்டால் இந்த ஆபத்து குறையும். காலையில் கேள்வி போட்டுவிட்டு அட்மின் மறந்துபோகும் குரூப்களில் இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்?

காப்பியை விடப் பெரிய தலைவலி இதுதான்.

'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளருக்கு முதல் பெயர் என்ன? ஃபிரெட் வொர்த் என்பவர் தன் பொது அறிவுக் களஞ்சியத்தில் 'பிலிப்' என்று எழுதிவைத்தார். அது அவரே வேண்டுமென்று இட்டுக்கட்டியது, திருடுபவர்களைப் பிடிக்க வைத்த பொறி. 'டிரிவியல் பர்சூட்' என்ற புகழ்பெற்ற குவிஸ் விளையாட்டில் அந்தப் பிலிப் அப்படியே வந்து மாட்டியது. வொர்த் 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவல்களுக்குக் காப்புரிமை கோர முடியாது என்றது நீதிமன்றம். பொய்த் தகவல் ஒரு புத்தகத்தில் இருந்து எப்படி லட்சம் வீடுகளுக்குப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இத்தனைக்கும் அது வாட்ஸ்ஆப் இல்லாத காலம்.

நம் குரூப்களில் சுற்றும் பிலிப்கள் ஏராளம். 'இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி' என்பது பழம்பெரும் பிலிப். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்லிவிட்டது. 'இந்தியாவின் தேசிய மொழி இந்தி' என்பது இன்னொன்று. அரசியலமைப்பின் 343-வது பிரிவு பேசுவது ஒன்றியத்தின் அலுவல் மொழி பற்றித்தான், தேசிய மொழி என்று எதையும் அது சொல்லவில்லை.

பொய் அல்ல, பழசு என்ற வகையும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? 32 என்பது ஒரு காலத்தில் சரி. 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்து 37 ஆனது. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. ராம்சார் ஈரநிலங்களை எடுத்துக்கொண்டால், 2022-க்கு முன்பு தமிழ்நாட்டில் கோடியக்கரை ஒன்றுதான் பட்டியலில் இருந்தது. 2025 தொடக்க நிலவரப்படி 20. பழைய பிடிஎஃப்பில் இருந்து எடுத்துப்போட்ட கேள்வி எதுவும் இதைச் சொல்லாது.

பொழுதுபோக்காக ஆடுபவருக்கு இது ஒரு சிரிப்போடு போய்விடும். தேர்வர்களுக்கு அப்படி இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கு 300 மதிப்பெண், அதாவது கேள்விக்கு 1.5. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் ஏகப்பட்ட பேர் நிற்பார்கள். ஒரு கேள்வி தப்பினால் தரவரிசையில் எத்தனை பேருக்குப் பின்னால் போக வேண்டியிருக்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆணையமே தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டு, ஆதாரத்துடன் ஆட்சேபம் சொல்ல நேரம் கொடுக்கிறது. குரூப் அட்மின் போட்ட விடையை மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் நம்ப வேண்டும்?

'ஆதாரம் என்ன சார்?' என்று கேட்டால் பாடநூல் பக்கத்தைக் காட்டுகிற குரூப் நல்ல குரூப். கேட்டவரையே நீக்கிவிடுகிற குரூப்பில் இருந்து நாமே விலகிவிடுவது மேல்.

'நான்கு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், பரிசு வெல்லுங்கள்'

இது குவிஸ் அல்ல, தூண்டில். பிரபல நிறுவனத்தின் அல்லது அரசுத் துறையின் லோகோ இருக்கும். கேள்விகள் சப்பையாக இருக்கும், எதைத் தட்டினாலும் 'வாழ்த்துகள்!' என்று வரும். பிறகு பரிசுப் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொல்வார்கள், அதிலும் நிச்சயம் பரிசு விழும். வாங்க வேண்டுமானால் ஐந்து குரூப்புக்கு ஷேர் செய்ய வேண்டும், அடுத்து வங்கி விவரமோ 'பதிவுக் கட்டணமோ' தர வேண்டும். 2022 ஏப்ரலில் இந்திய அஞ்சல் துறையின் பெயரிலேயே இப்படி சர்வே, குவிஸ் லிங்குகள் சுற்றின. அவற்றுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அஞ்சல் துறை எச்சரித்தது.

உண்மையான குவிஸுக்கு ஓடிபி தேவைப்படாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பணப் பரிசு தரும் ஆன்லைன் ஆட்டங்களிலும் கவனம் தேவை. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது.

சேரும் முன், தொடங்கும் முன்

தெரியாதவர்கள் நிறைந்த வாட்ஸ்ஆப் குரூப்பில் சேர்ந்தால் உங்கள் போன் எண் அத்தனை பேர் கைக்கும் போகும். பெண்கள் பலர் குவிஸ் குரூப்பை விட்டு விலகக் காரணம் கேள்விகள் அல்ல, அதன் பிறகு இன்பாக்ஸில் வரும் 'ஹாய்'கள். டெலிகிராமில் யூசர்நேம் ஒன்றை வைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் எண்ணை யாருக்கும் காட்டாதபடி மாற்றிக்கொள்ளலாம்.

சொந்தமாகத் தொடங்க ஆசை என்றால் நான்கு நண்பர்கள் போதும். டெலிகிராமில் குவிஸ்பாட்டைத் தேடிப் பிடித்து, தலைப்பு கொடுத்து, கேள்விகளை ஒவ்வொன்றாக ஏற்றலாம், செலவில்லை. ஆளுக்கு ஒரு நாள் கேள்வி தயாரிப்பது என்று முறை வைத்துக்கொண்டால் சலிப்பு வராது. கேள்வி தயாரிக்கிறவர்தான் அன்று அதிகம் படித்திருப்பார் என்பது கூடுதல் லாபம். முக்கியமாக, விளக்கப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். அதில் 200 எழுத்துகள் வரை எழுதலாம். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எழுத அது தாராளம்.